பகல் முழுக்க பேசுற ரேடியோவை எங்ககிட்டேருந்து எடுக்காதீங்க: நிலைய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தேசியப் பேச்சு வானொலி நிலையத்தோட நிர்வாகத்துக்கும், நிகழ்ச்சிப் பிரிவுல முடிவெடுக்கிறவங்களுக்கும்,

போன வாரம் சாயங்காலச் செய்தி முடிஞ்ச கையோட உங்க அறிவிப்பாளர் ஒரு அறிவிப்பு வாசிச்சார். அடுத்த அட்டவணை மாத்தும்போது காலைல 9 மணிக்கு மேல ராத்திரி வரைக்கும் தொடர் செய்தியும் நேயர்கள் போன்ல பேசுற நிகழ்ச்சியும் மட்டும்தான் இருக்குமாம், நாடகம், சிறுகதை வாசிப்பு, அறிவியல், மருத்துவம், விவசாயம், பழைய ஒலிப்பதிவு எல்லாம் ஆப்புக்குப் போகுதாம், விடியக்காலைல வர்ற கடல் வானிலை கூட போகுதாம், வேணுங்கிறவங்க வேணுங்கிற நேரத்துல கேட்டுக்கலாமாம். முழுசா ஒரு நிமிஷம் கூட இல்ல அந்த அறிவிப்பு. அம்மா கட்டில்ல உக்காந்திருந்தாங்க, நான் தையல் மெஷின்ல இருந்தேன், பெடல்லேருந்து காலை எடுத்துட்டேன். "ஆப்புன்னா உன் போன்ல இருக்கிறதுதானே, அதை நான் எப்படிடி கேக்கிறது?"ன்னு அம்மா கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. முடிவெடுத்தவங்க நீங்க, பதில் உங்ககிட்டதான் இருக்கணும், அதனால எழுதுறேன்.

எங்க வீட்டு ரேடியோவைப் பத்தி முதல்ல சொல்லிடுறேன். பேட்டரியில ஓடுற பழைய டிரான்சிஸ்டர். ரெண்டே குமிழ், ஒண்ணு சத்தத்துக்கு, ஒண்ணு ஸ்டேஷன் பிடிக்க. அம்மாவுக்குக் கண் அழுத்த நோய், க்ளாக்கோமா, ஆறு வருஷமா அவங்களுக்கு வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியும். பார்வை போன புதுசுல ஸ்டேஷன் பிடிக்க முடியாம குமிழை அங்கேயும் இங்கேயும் திருப்பிட்டு, இரைச்சல் மட்டும் வரவும் அப்படியே விட்டுட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு நாள் நான் ஒரு சின்ன சட்டைப் பட்டனை எடுத்து அந்தக் குமிழோட விளிம்புல பசை போட்டு ஒட்டிவிட்டேன், பட்டன் நேரா மேல வந்து நின்னா உங்க நிலையம். பட்டன்ல இருக்கிற நாலு ஓட்டையும் விரல்ல படும். அன்னைலேருந்து ரேடியோ போட அம்மாவுக்கு யாரும் வேண்டாம். காலைல நான் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே கை நீட்டி, தடவிப் பாத்து, டக்குனு போட்டுடுவாங்க. அவங்க ஒரு நாள்ல யார் உதவியும் இல்லாம செய்யுற வேலைங்க ரொம்பக் கொஞ்சம், அதுல இது ஒண்ணு. இப்ப நீங்க மாத்துறது அந்தப் பட்டன் நிக்கிற இடத்துல என்ன வரும்ங்கிறதை.

விடியக்காலைல அஞ்சரைக்குக் கடல் வானிலை. எங்க வீட்டுல யாரும் கடலுக்குப் போறவங்க இல்ல, படகுல ஏறினது கூட இல்ல. இருந்தாலும் அம்மா அதை ஒரு நாள் விடாம கேப்பாங்க. காத்து எந்தத் திசை, என்ன வேகம், அலை எத்தனை மீட்டர், தூரம் தெரியுமா தெரியாதான்னு நிதானமா, ஏத்தி இறக்காம வாசிக்கிற அந்தக் குரல். "இன்னைக்குப் போக மாட்டாங்கடி"ன்னு சொல்வாங்க, முன்னப்பின்ன தெரியாத மீனவங்களைப் பத்தி. காத்து அடங்கினா "போயிருப்பாங்க"ன்னு சொல்லிட்டு பல்லு விளக்கப் போவாங்க. இதுல என்ன இருக்குன்னு உங்க அட்டவணை போடுறவங்க நினைக்கலாம். பிபிசி ரேடியோ 4ல கடல் வானிலைன்னு ஒண்ணு இருக்கு, பிரிட்டனைச் சுத்தி இருக்கிற 31 கடல் பகுதிகளுக்கு வரிசையா வாசிக்கிறது, 1925லேருந்து பிபிசி ரேடியோவுல வருது. 1859ல ராயல் சார்ட்டர்னு ஒரு கப்பல் புயல்ல உடைஞ்சு நானூறுக்கும் மேல ஆளுங்க செத்தாங்க, அதுக்கப்புறம்தான் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்ங்கிறவர் புயல் எச்சரிக்கை குடுக்கிற ஏற்பாட்டையே ஆரம்பிச்சார், 2002ல அந்த 31ல ஒரு பகுதிக்கு அவர் பேரையே வச்சாங்க. கடலையே பாக்காத எத்தனையோ பேர் படுக்கையில கிடந்துக்கிட்டு அதைக் கேக்கிறாங்க. கடல்ல இருக்கிறவனுக்கு அது உயிர் காக்கிற தகவல், கரையில இருக்கிறவங்களுக்கு அந்த நேரத்துல வேற யாரோ முழிச்சிருக்காங்கங்கிற தெம்பு. போன்ல எழுத்தா வர்ற வானிலை அந்த ரெண்டாவது வேலையைச் செய்யாது. நடுக்கடல்ல டவர் கிடைக்காதுங்கிறப்ப முதல் வேலையைக் கூட அது முழுசா செய்யாது.

காலைச் செய்தியைப் பத்தி எனக்குப் புகார் இல்ல, நல்லா இருக்கு, அப்படியே இருக்கட்டும்.

பத்தரை மணி நிகழ்ச்சியைப் பத்திதான் நிறைய சொல்லணும். மூணு வருஷம் முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை, கையில பெரிய யூனிஃபார்ம் ஆர்டர், அன்னைக்கு காஜா எடுக்கிற வேலை, கண்ணைச் சுருக்கிச் சுருக்கி உக்காந்திருந்தேன். ரேடியோ அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு. அதுக்கு முந்தி வந்தது பழைய ரயில் பாலங்களைப் பத்தி, அடுத்து வரப்போறது சிறுகதை, அம்மா அந்தக் கதைக்காகக் காத்துட்டிருந்தாங்க. நடுவுல ஒரு கண் டாக்டர் பேசினார். க்ளாக்கோமா பெரும்பாலும் வலியே இல்லாம வரும், ஓரப் பார்வைதான் முதல்ல போகும், நேராப் பாக்கிறது நல்லாத் தெரியுறதால ஆளுக்கே தெரியாது, போன பார்வை திரும்பக் கிடைக்காது, ஆனா முன்னாடியே கண்டுபிடிச்சா சொட்டு மருந்துலயே அழுத்தத்தைக் குறைச்சு இருக்கிற பார்வையைக் காப்பாத்தலாம்னார். அப்புறம் ஒண்ணு சொன்னார், அம்மா அப்பாவுக்கோ கூடப்பிறந்தவங்களுக்கோ இருந்தா உங்களுக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம், ஒண்ணும் தொந்தரவு இல்லாட்டியும் போய்ப் பரிசோதிச்சுக்கோங்கன்னு. அம்மாவுக்கு வந்தப்ப இதை எங்ககிட்ட யாரும் சொல்லல, இல்ல சொல்லியும் அந்தப் பதட்டத்துல எங்க காதுல ஏறலையோ என்னவோ. அம்மா சொன்னாங்க, "ஊசியைக் கீழ வை, நாளைக்கே போ." மறுநாள் போனேன். ரெண்டு கண்ணுலயும் அழுத்தம் அதிகம், இடது கண்ணுல ஓரப் பார்வை குறைய ஆரம்பிச்சிருந்துச்சு. இப்ப தினம் ராத்திரி கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டுட்டுதான் படுக்கிறேன். தையல் வேலையை இன்னும் பாக்கிறேன்.

இதை நான் ஆப்ல தேடியிருப்பேனா? என்னன்னு போட்டுத் தேடுவேன்? எனக்கு ஒரு குறையும் தெரியலையே, தெரியாத ஒண்ணை எப்படித் தேடுறது? ரயில் பாலத்துக்கும் சிறுகதைக்கும் நடுவுல அது வந்ததாலதான் என் காதுல விழுந்துச்சு. அப்படி ஒரு இடத்துல அதை வச்ச ஒருத்தர் உங்க அலுவலகத்துல உக்காந்து அந்த நாளை யோசிச்சுக் கோத்திருக்கார். அவர் யாருன்னு எனக்குத் தெரியாது, என் இடது கண்ணுக்கு அவர் செஞ்சது எனக்குத் தெரியும். இதுக்குப் பிறகுதான் உங்க அட்டவணையை நான் வேற மாதிரி பாக்க ஆரம்பிச்சேன், ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா வர்ற அந்த வரிசையே ஒரு வேலைன்னு புரிஞ்சுது, துணி வெட்டுறப்ப எந்தத் துண்டுக்குப் பக்கத்துல எதை வைக்கணும்னு யோசிப்போமே, அந்த மாதிரி.

மதியம் ரெண்டேகாலுக்கு நாடகம். அம்மாவுக்கு அதான் அன்னைய நாளோட உச்சம். ஒரு நாடகத்துல வயசான ஆள் ஒருத்தர் மாடிப்படி ஏறுறார், வசனமே கிடையாது, செருப்பு தேயுற சத்தம், மூச்சு வாங்குறது, நடுவுல கைப்பிடிக் கட்டை கிறீச்சுங்கிறது, அவ்வளவுதான். அம்மா விரல் விட்டு எண்ணிட்டிருந்திருக்காங்க, நான் கவனிக்கல. பதினாலு வரைக்கும் எண்ணினாங்க. பதினஞ்சாவது வரல. "நின்னுட்டார்டி, கதவு பூட்டியிருக்கு"ன்னாங்க. அடுத்த நொடி பூட்டைத் தொடுற சத்தம் வருது. ரெண்டு கண்ணு இருக்கிற எனக்கு அது வெறும் சத்தமாத்தான் இருந்துச்சு, அம்மா அந்த மாடிப்படியையும் கதவையும் பாத்துட்டாங்க. பாக்கிறதுன்னு சொல்றதுக்கு அவங்களுக்கு இப்ப மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். டிவில ஓடுறதை நான் பக்கத்துல உக்காந்து "இப்ப அவன் வர்றான், இப்ப அவ திரும்புறா"ன்னு சொல்லிட்டே இருக்கணும், ரேடியோ நாடகத்துல நானும் அவங்களும் ஒரே வரிசைல உக்காந்து பாக்கிறோம். அந்த முக்கால் மணி நேரத்தை நேயர் போன் நிகழ்ச்சிக்குக் குடுக்கப்போறீங்கன்னா, அந்த இடத்துக்கு எதைக் கொண்டு வர்றீங்கன்னு கொஞ்சம் யோசிங்க. போன்ல பேசுறவங்க மேல எனக்குக் கோபம் இல்ல, அவங்களுக்கும் சொல்லவேண்டியது இருக்கு, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தாராளமா இருக்கட்டும். ஆனா பத்து மணி நேரம் அதே விஷயத்தை அதே சூட்டோட ஆள் மாத்தி ஆள் பேசினா, வீட்டுல படுத்தே இருக்கிறவங்களுக்கு அன்னைக்கு முழுக்க வேற உலகமே கிடையாது.

விவசாய நிகழ்ச்சியைச் சின்னதா நினைக்காதீங்க. 1960கள்ல தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27ன்னு ஒரு புது நெல் ரகம் வந்தப்ப, திருச்சி வானொலியோட வேளாண் நிகழ்ச்சி அதைப் பத்தி விடாம சொல்லிச் சொல்லி, விவசாயிங்க அதுக்கு 'ரேடியோ நெல்'லுன்னே பேர் வச்சுட்டாங்க. ஒரு பயிருக்கு மக்கள் ரேடியோ பேரை வச்சாங்கன்னா அந்தக் குரல் எவ்வளவு தூரம் வயலுக்குள்ள போயிருக்கணும்! அந்தப் பக்கம் பிபிசியில 'தி ஆர்ச்சர்ஸ்'ங்கிற தொடர் நாடகம் 1951 ஜனவரி 1லேருந்து நாடு முழுக்க வருது, போருக்கு அப்புறம் உணவுத் தட்டுப்பாடா இருந்த காலத்துல விவசாயிகளுக்குப் புது முறைகளைக் கதையோட கதையா சொல்லணும்னு ஆரம்பிச்சது. விவசாயம் கேக்க வந்தவர் கதையையும் கேட்டார், கதை கேக்க வந்தவங்களுக்கு மண்ணைப் பத்தி ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. ரெண்டையும் தனித்தனிப் பெட்டியில போட்டா இது நடக்காது.

ஆப்பை நான் முயற்சி பண்ணாம எழுதல. உங்க ஆப் வந்த புதுசுலயே என் போன்ல போட்டு, பார்வை இல்லாதவங்களுக்காக ஸ்கிரீன்ல இருக்கிறதை வாசிச்சுச் சொல்ற வசதியையும் ஆன் பண்ணி அம்மா கையில குடுத்தேன். முதல்ல லாகின் கேக்குது. ஓடிபி வருது, அதை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள நேரம் போயிடுது. அம்மா விரல் காய்ப்புக் காய்ச்ச விரல், கண்ணாடியில பட்டா சில நேரம் போன் ஏத்துக்கவே மாட்டேங்குது, ரெண்டு தடவை தட்டுங்கிறது, தட்டினா வேற எங்கேயோ போயிடுது. வழவழன்னு ஒரு கண்ணாடி, எங்க என்ன இருக்குன்னு தடவிப் பாக்க ஒரு மேடு பள்ளம் இல்ல. ஒரு வாரம் முயற்சி பண்ணினாங்க. அப்புறம் போனை என் பக்கம் தள்ளிட்டு, "நீயே போட்டுவிடு"ன்னாங்க. ஆறு வருஷமா தானா ரேடியோ போட்டுக்கிட்ட மனுஷி சொன்ன வார்த்தை அது.

சரின்னு நானே போட்டுவிட்டேன். ஒரு நாடகம் முடிஞ்சதும் அடுத்ததும் நாடகம், அதுக்கு அடுத்ததும் நாடகம். நாடகம் கேட்டோம்ல, அதனால நாடகம்தான் பிடிக்கும்னு முடிவு பண்ணிடுச்சு. மூணாவது நாடகத்துல அம்மா, "செய்தி எப்ப வரும்? மணி என்ன?"ன்னு கேட்டாங்க. அதுல மணியே கிடையாது. உங்க நிலையத்துல ஒவ்வொரு மணிக்கும் வர்ற அந்த நேர ஒலியை வச்சுதான் அம்மா மாத்திரை போட்டுக்கிறாங்க. பிபிசியில 1924 பிப்ரவரி 5லேருந்து வருதே, ஆறு பீப், இப்ப அஞ்சு சின்னது, ஆறாவது நீளமா ஒண்ணு, அந்த மாதிரி நேர ஒலி பார்வை இல்லாதவங்க வீட்டுக் கடிகாரம். ஆப்ல நேரலை போட்டுப் பாத்தேன், பக்கத்துலயே டிரான்சிஸ்டரையும் போட்டேன். டிரான்சிஸ்டர்ல மணி அடிச்சு, செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொல்லி, முதல் தலைப்புச் செய்தியும் முடிஞ்ச பிறகுதான் போன்ல மணி அடிக்குது. அந்தத் தாமதம் இன்டர்நெட் வழியா வர்ற எதுக்கும் இருக்கிறதுதான், குத்தமா சொல்லல, ஆனா ரேடியோ செய்யுற வேலை அத்தனையையும் ஆப் செஞ்சிடும்னு சொல்றது சரியில்ல.

அறிவிப்பு வந்த மறுநாள் உங்க நேயர் தொடர்பு எண்ணுக்குப் போன் போட்டேன். பதிவு பண்ணின குரல், உங்கள் கருத்தை ஆப் வழியாகத் தெரிவிக்கலாம்னு சொல்லிட்டு கட் ஆயிடுச்சு. ஆப்ல போய் அந்தக் கருத்துக்கணிப்பை நிரப்பினேன். "நீங்கள் விரும்பும் நிகழ்ச்சி வகை"ன்னு ஒரு கேள்வி, செய்தி, நாடகம், அறிவியல், கதை, பேட்டின்னு வட்டம் வட்டமா இருக்கு, ஒண்ணே ஒண்ணைத்தான் அமுக்க விடுது. ரெண்டாவதை அமுக்கினா முதல் வட்டம் போயிடுது. எல்லாத்தையும் கேக்கிற எங்களை மாதிரி ஆளுங்க அதுல எதை அமுக்குவோம்? இந்த மாதிரி ஒரு கணிப்பை வச்சுதான் கலந்து கேக்கிறவங்க குறைஞ்சுட்டாங்கன்னு முடிவெடுத்திருந்தீங்கன்னா, அந்தக் கணிப்பு எங்களை எண்ணவே இல்லைன்னு உங்களுக்குத் தெரிஞ்சாகணும். ஆப் வச்சிருக்கிறவங்ககிட்ட ஆப்ல கேட்டா ஆப் வேணும்னுதான் வரும்.

இந்த யோசனை உங்களுக்கு மட்டும் வந்ததும் இல்ல. 1991 ஜனவரியில வளைகுடாப் போர் ஆரம்பிச்சப்ப பிபிசி ரேடியோ 4ஓட எஃப்எம்மை முழுக்கப் போர்ச் செய்திக்குத் திருப்பிவிட்டாங்க, ஆனா லாங் வேவ்ங்கிற அதோட இன்னொரு அலைவரிசைல வழக்கமான நிகழ்ச்சிங்க அப்படியே ஓடுச்சு. செய்தியே வேணுங்கிறவங்க அங்க, மத்தவங்க இங்க. அது நல்லா இருக்கேன்னு, அடுத்த வருஷம் லாங் வேவை ரேடியோ 4கிட்டேருந்து எடுத்து 24 மணி நேரச் செய்திக்கே குடுத்துடலாம்னு திட்டம் போட்டாங்க. நேயர்கள் சும்மா விடல, கடிதம் கடிதமா எழுதினாங்க, ஒண்ணா சேந்தாங்க, 1993ல லண்டன்ல பிபிசி தலைமையகத்துக்கே ஊர்வலமா போனாங்க. கடைசியில திட்டத்தை விட்டுட்டு, ஏற்கனவே இருந்த ரேடியோ 5ஐ மாத்தி 1994 மார்ச் 28ல ரேடியோ 5 லைவ்னு செய்திக்கும் விளையாட்டுக்கும் தனியா ஒரு சேனலே ஆரம்பிச்சாங்க. செய்தி கேக்கிறவங்களுக்கும் வழி கிடைச்சுது, கதையும் கடல் வானிலையும் கேக்கிறவங்களுக்கும் ஒண்ணும் போகல. அந்த வழி உங்களுக்கும் இருக்கு. உங்ககிட்டயே ரெண்டாவது அலைவரிசை ஒண்ணு இருக்கு, பாதி நேரம் முதல் அலைவரிசைல வர்றதையே திருப்பி ஒலிபரப்பிட்டிருக்கு. தொடர் செய்தியை அதுல போடுங்களேன்.

பணம் ஒரு காரணம்னு எனக்குத் தெரியும். நாடகத்துக்கு எழுதுறவர், நடிக்கிறவங்க, சத்தம் சேக்கிறவர்னு பத்து பேர் வேணும், போன் நிகழ்ச்சிக்கு ஒருத்தர் மைக் முன்னாடி, ஒருத்தர் போன் எடுக்க, போதும். நான் தைக்கிறவ, மட்டமான நூலைப் போட்டா எவ்வளவு மிச்சமாகும்னு எனக்கும் கணக்குத் தெரியும், எப்ப பிரிஞ்சு போகும்னும் தெரியும். தினம் நாடகம் குடுக்க முடியலைன்னா வாரம் மூணு நாள் புதுசு, மீதி நாள் உங்க பழைய பதிவுலேருந்து போடுங்க, யாரும் குறை சொல்ல மாட்டோம். முப்பது வருஷம் முன்னாடி வந்த ஒரு நாடகத்தைப் போன மாசம் திரும்பப் போட்டீங்க, அம்மா அதுல ஒரு குரலைக் கேட்டதும் நடிகர் பேரைச் சொன்னாங்க, அப்படி ஒரு சந்தோஷத்தை அவங்க முகத்துல நான் ரொம்ப நாள் கழிச்சுப் பாத்தேன்.

இன்னொண்ணு. 2025 ஏப்ரல் 28ல ஸ்பெயின், போர்ச்சுகல் ரெண்டு நாட்டுலயும் கரண்ட் மொத்தமா போச்சு, கொஞ்ச நேரத்துல போனும் நெட்டும் பல இடத்துல போச்சு, ஜனங்க பேட்டரி ரேடியோ வாங்கக் கடைக்கு ஓடினாங்க, தெருவுல ஒரு ரேடியோவைச் சுத்தி பத்து பேர் நின்னு கேட்டாங்க. ஒரு டிரான்ஸ்மிட்டர் ஓடினா போதும், ஆயிரம் பேர் கேட்டாலும் கோடிப் பேர் கேட்டாலும் அதுக்கு ஒண்ணுதான், நெட் அப்படி இல்ல. ஆபத்து நேரத்துக்குத்தான் செய்தி இருக்கேன்னு நீங்க சொல்லலாம். ஆனா வீட்டுல ரேடியோ இருந்தாத்தானே, அதுல பேட்டரி இருந்தாத்தானே, ஸ்டேஷன் எங்க வரும்னு கைக்குத் தெரிஞ்சிருந்தாத்தானே? கதைக்காகவும் நாடகத்துக்காகவும் தினம் போடுற வீட்டுலதான் அது இருக்கும். கேக்க ஒண்ணும் இல்லைன்னா ரெண்டு வருஷத்துல அது பரண்ல கிடக்கும், பேட்டரி பொங்கி வழிஞ்சு.

என்கிட்ட துணி தைக்கக் குடுக்கிற ஒரு அக்காவோட வீட்டுக்காரர் ராத்திரிக் காவல் வேலை பாக்கிறார். அவருக்குப் பகல்ல தூக்கம், சாயங்காலம் எழுந்து உங்க அறிவியல் நிகழ்ச்சியைக் கேட்டுட்டு வேலைக்குப் போவாராம், ராத்திரி முழுக்க அதையே யோசிச்சிட்டிருப்பேன்னு சொன்னாராம். நான் பத்தாவதோட நின்னவ. சூரியன்லேருந்து வெளிச்சம் இங்க வந்து சேர எட்டு நிமிஷத்துக்கு மேல ஆகுங்கிறதும், கோர்ட்டுல ஜாமீன்னா என்ன, முன்ஜாமீன்னா என்னங்கிறதும், பிளேக் எப்படிப் பரவுச்சுங்கிறதும் நான் ஒரு பள்ளிக்கூடத்துலயும் படிக்கல. மெஷின் முன்னாடி உக்காந்து உங்ககிட்டேருந்து தெரிஞ்சுக்கிட்டேன். கையும் கண்ணும் வேலைல மாட்டியிருக்க, காது மட்டும் சும்மா இருக்கிற ஜனங்க நாங்க எத்தனையோ பேர் இருக்கோம், போனை எடுத்துத் தட்டிட்டிருக்க எங்களுக்குக் கை கிடையாது.

அதனால நான் கேக்கிறது இதான். புது அட்டவணையை அறிவிச்ச தேதியில அமல்படுத்தாதீங்க, நிறுத்தி வைங்க. அதுக்கு முன்னாடி நேயர்கள்கிட்ட ரேடியோவுலயே கேளுங்க, தபால்லயும் போன்லயும் பதில் சொல்ல வழி வைங்க, போனை ஒரு மனுஷர் எடுக்கட்டும், ஒண்ணுக்கு மேல பிடிக்கும்னு சொல்ற உரிமையும் அந்தக் கேள்வித்தாள்ல இருக்கட்டும். அந்தப் பதில்களையும் எத்தனை பேர் சொன்னாங்கங்கிற கணக்கையும் ஒலிபரப்புல சொல்லுங்க.

கடல் வானிலையையும், மணிக்கு மணி நேர ஒலியையும் என்ன ஆனாலும் ஒலிபரப்புலேருந்து எடுக்காதீங்க, இதுல பேரம் பேச எங்களுக்கு இடமே இல்ல. மதிய நாடகம், சிறுகதை, பத்தரை மணி நிகழ்ச்சி, சாயங்காலம் விவசாயமும் அறிவியலும், இதுங்க இப்ப இருக்கிற நேரத்துல இருக்கட்டும், புதுசா பண்ணப் பணம் இல்லாத நாள்ல பழசைப் போடுங்க. தொடர் செய்தி வேணும்னா ரெண்டாவது அலைவரிசைக்குக் கொண்டு போங்க. ஆப்பை நடத்துங்க, வேண்டாங்கல, ஆனா சாதாரணப் போன்லேருந்து ஒரு நம்பரைக் கூப்பிட்டாலே நிகழ்ச்சி கேக்கிற மாதிரி ஒரு வழியும் சேத்து வைங்க, லாகினும் ஓடிபியும் இல்லாம. பார்வை இல்லாதவங்க ரெண்டு மூணு பேரைக் கூப்பிட்டு உக்கார வச்சு அந்த ஆப்பை அவங்க கையால போடச் சொல்லிப் பாருங்க, நீங்க பக்கத்துல உக்காந்து, உதவி பண்ணாம.

இந்த மடலுக்குப் பதில் கடிதமா வேண்டாம், அம்மாவால வாசிக்க முடியாது. அந்த அறிவிப்பு வந்த அதே நேரத்துல, சாயங்காலச் செய்திக்கு அப்புறம், அதே குரல்ல ரேடியோவுலயே சொல்லுங்க. இந்த மாசம் முழுக்க அந்த நேரத்துல நான் மெஷினை நிறுத்திட்டு, அம்மாகூட உக்காந்து கேட்டுட்டிருப்பேன்.

இப்படிக்கு,
உங்க நிலையத்தைக் காலைலேருந்து ராத்திரி வரைக்கும் கேக்கிற ஒரு தையல்காரி, அவங்க அம்மாவுக்காகவும் சேத்து